கரைக்கு ஏற்ற கலம்

சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள் மாலை, என்னிடம் முன்பு படித்த இளைஞன் ஒருவன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். காரைக்கால் பகுதியின் மீனவச் சிற்றூர்களுள் ஒன்றாகிய கருக்களாச்சேரி அவனுக்குச் சொந்த ஊர். பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவனுக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆயினும் அன்று அவன் கையிலிருந்த தாள் முழுவதும் கணக்காகவே இருந்தது. தாயாரின் நகை, தமக்கையின் கணவர் தருவதாகச் சொன்ன தொகை, கூட்டுறவுக் கடன், மீன் வியாபாரி ஒருவர் கொடுக்க முன்வந்த முன்பணம் என்று வரிசையாக எழுதி, கீழே கோடிட்டுக் கூட்டியிருந்தான்.

"ஐயா, புதுப் படகு எடுக்கலாம் என்றிருக்கிறோம். நாளைக்கு இரண்டு மூன்று பட்டறைகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தாத்தாவும் வருகிறார். நீங்களும் கூட வந்தால் நல்லது" என்றான்.

"படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும், தம்பி?"

"படகு தாத்தாவுக்குத் தெரியும், ஐயா. அவர்கள் நீட்டுகிற தாளைப் படிக்கத்தான் நீங்கள்."

நேயர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்கு அருகிலேயே வாழ்ந்தும், ஒரு படகை விலைக்கு வாங்குவது எத்தகைய காரியம் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நிலம் வாங்குகிறவர் பத்திரத்தைப் பார்க்கிறார். படகு வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையையே இன்று மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுநாள் விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் போவோம் என்று நான் எண்ணியிருந்தேன். பெரியவரோ எங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். "பட்டறை எங்கும் ஓடிவிடாது, வாத்தியாரையா. முதலில் கரையைப் பாருங்கள்" என்றார். மணலில் குந்தி உட்கார்ந்து, ஒரு கால் மணி நேரம் அலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாங்களும் உட்கார்ந்தோம்.

சோழமண்டலக் கடற்கரையின் டெல்டாப் பகுதி, நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுவது. பாறையில்லை, வளைகுடா இல்லை, படகு ஒதுங்க இயற்கை தந்த இடம் இல்லை. வங்கக் கடலில் எங்கோ எழுந்த அலை தடையின்றி வந்து இந்த மணற்கரையில் உடைகிறது. அலை எங்கே உடையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நீரின் ஆழம், அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்குக் குறையும்போது அலையின் முடி முன்னே சாய்ந்து விழுகிறது. ஒரு மீட்டர் அலை ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே கரைக்குச் சற்று அப்பால் நுரை பொங்கும் பட்டையொன்று எப்போதும் இருந்துகொண்டேயிருக்கிறது. கருக்களாச்சேரிப் படகு அந்தப் பட்டையை நாள்தோறும் இருமுறை கடக்க வேண்டும். போகும்போது அணியம் அலையை எதிர்கொள்ளும்; திரும்பும்போது அலை அமரத்தின் பக்கத்திலிருந்து துரத்திக்கொண்டு வரும். திரும்பும் வேளைதான் கொடியது. அலை பின்புறத்தைத் தூக்க, அணியம் மணலில் குத்த, படகு குறுக்கே திரும்பிவிட்டால் அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்குமிடம் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய விசைப்படகுகள் அதன் வாய்வழியே உள்ளே சென்று துறைமுகத்தில் நிற்கின்றன. ஆற்று வாய்க்கும் ஒரு குணம் உண்டு. கரையோரமாக நகரும் மணல் அதை அடைத்துக்கொண்டேயிருக்கும். வெள்ளம் வந்தால் திறக்கும். வெள்ளம் வடிந்தால் மறுபடி திட்டு எழும்.

இத்தகைய கரைக்கு நம் முன்னோர் கண்ட விடைதான் கட்டுமரம். பளுவற்ற சில மரங்களைச் செதுக்கி, அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பக்கப் பலகையே இல்லாததால், உள்ளே நீர் நிற்க இடமில்லை. அலை மேலே ஏறினாலும் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போடலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கிச் சென்று உலர்த்தலாம். ஆங்கில மாலுமியாகிய வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கலத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். அச்சொல் இன்று உலகெங்கும் இரட்டை உடற் படகுகளுக்குப் பெயராக வழங்குகிறது. நம் கட்டுமரத்துக்கும் அந்தச் சொகுசுப் படகுகளுக்கும் உருவ ஒற்றுமை மிகக் குறைவு. பெயர் மட்டும் கப்பலேறிப் போயிற்று.

சரக்கு ஏற்ற மற்றொரு கலம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1739இல் காரைக்காலைப் பெற்ற காலத்தில், அவர்களுடைய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் கடலிலேயே நங்கூரமிட்டன. பொதிகளைக் கரை சேர்த்தது சலங்கு. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைப் படகு அது. உள்ளே வங்குக்கால்கள் இல்லாமையால் மணலில் மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவான ஆராய்ச்சி நூல் ஒன்றை எழுதினார். நம் கரையில் நாம் அன்றாடம் பார்த்தும் பாராமல் கடந்த கலங்களை அவர் அளவுகோல் கொண்டு அளந்தார்.

பெரியவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். "நம் அலைக்குத் தூக்கினால் இறங்குகிற படகு வேண்டும். பத்துப் பேர் தள்ளினால் நகர வேண்டும். அடி மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

நாகப்பட்டினத்தை நோக்கிப் பேருந்தில் செல்லும்போது, பேச்சுவாக்கில் இங்கிலாந்தில் நடக்கும் ஒரு படகுக் காட்சியைப் பற்றிச் சொன்னேன். அந்நாட்டின் நடுப்பகுதியில் கிரிக் என்றோர் ஊர். ஆண்டுதோறும் மே மாத இறுதியில் அங்குள்ள கால்வாய்த் துறையில் படகுகளை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள். குறுகிய கால்வாய்களில் செல்லும் ஒடுக்கப் படகுகள் அங்கே சிறப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் கால்வாய்களை வெட்டியபோது, செலவைக் கருதி நீர்ப்பூட்டுகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் அமைத்தார். படகின் அகலம் அதற்கும் சற்றுக் குறைவாக இருந்தாக வேண்டும். நீளமோ எழுபது அடி வரை போகலாம். ஒரு மனிதர் இரு கைகளை விரித்தால் தொட்டுவிடக்கூடிய அகலத்தில், ரயில் பெட்டியைப்போல் நீண்ட கலம்! குதிரைகள் இழுக்க, நிலக்கரியும் மட்பாண்டமும் சுமந்து, குடும்பங்கள் அதிலேயே வாழ்ந்தன. ரயிலும் லாரியும் வந்தபின் அந்த வாழ்க்கை நலிந்தது. 1944இல் ரோல்ட் என்பவர் தாம் படகில் வாழ்ந்து சுற்றிய கதையை நூலாக எழுத, மக்களின் நாட்டம் கால்வாய்களின் பக்கம் திரும்பியது. 1946இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கமே தோன்றியது. இன்று அப்படகுகளை வீடாகவும் விடுமுறைக் குடிலாகவும் வாங்குகிறார்கள்.

"அங்கே அலை உண்டா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லை. நீர் அசையாமல் நிற்கும்."

"அப்படியானால் அது வீடுதான், வாத்தியாரையா. படகு என்று சொல்லக் கூடாது" என்றார். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே வருகிறவர்களின் கண் முதலில் எதன்மேல் விழும்? அடுப்பு, மெத்தை, திரைச்சீலை, பளபளக்கும் பித்தளை விளக்கு. கைதேர்ந்தவரோ வேறொன்றைக் கேட்பார்: அடித்தகடு எத்தனை மில்லிமீட்டர்? பெரும்பாலான புதிய எஃகுப் படகுகளில் அடித்தகடு 10, பக்கம் 6, கூரை 4 மில்லிமீட்டர். பழைய படகாயின், நீரிலிருந்து கரையேற்றி, ஒலியலைக் கருவியால் தகட்டின் கனத்தை அங்கங்கே அளப்பார்கள். துரு தின்று 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் காப்பீட்டுக்காரர் தயங்குவார். இதைக் கேட்டதும் பெரியவர் முகம் மாறியது. "அவர்களும் அடியைத்தான் பார்க்கிறார்களா?" என்றார். அதன்பின் அந்தச் சீமைப் படகின்மேல் அவருக்குச் சற்று மதிப்பு வந்தது போலும்.

முதற்பட்டறை, படகுக் காட்சியென்றே சொல்லத்தக்கதாயிருந்தது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான நாட்களில் கடற்கரை எங்கும் பழுதுபார்ப்பும் பேரமும் நடைபெறும். புதிய கண்ணாடியிழைப் படகுகளைச் சாலையோரமாக வரிசையாக நிறுத்தி, அணியத்தில் மாலை சூட்டியிருந்தார்கள். நீலமும் பச்சையுமாக வெயிலில் மின்னின. அவற்றுள் 32 அடிப் படகொன்றின் முன் என் மாணவன் மெய்ம்மறந்து நின்றுவிட்டான். பட்டறைக்காரர் அன்பாகப் பேசினார், குளிர்பானம் வரவழைத்தார், இரண்டு பெரிய எஞ்சின்கள் வைத்தால் பறக்கும் என்றார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இக்குடும்பத்துக்குக் கண்ணாடியிழைப் படகு புதிதன்று. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அலையுடைக்கும் கரையில் ஏறி இறங்கத்தக்க சிறு படகுகளை வகுப்பது அதன் வேலைகளுள் ஒன்று. மணலைத் தொடுமுன் சுழல்விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படி, எஞ்சினும் தண்டும் ஒன்றாகச் சாயும் பொறியை அவர்கள் அமைத்தார்கள். பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பலவகையாகக் கரையெங்கும் பரவின. அப்பொழுதும் கட்டுமரம் முற்றிலும் மறையவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. காரைக்கால் கரையும் தப்பவில்லை. மனிதர்களோடு மரங்களும் வலைகளும் போயின. உலகின் பல திசைகளிலிருந்து உதவி வந்தது. உடனே படகு கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், தேவைக்குமேல் படகுகள் அவசரம் அவசரமாகச் செய்யப்பட்டன. நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவர்களும் கொட்டகை போட்டுப் படகு வார்த்தார்கள். அவற்றுள் நல்லவையும் உண்டு, ஆகாதவையும் உண்டு.

இவர்கள் குடும்பத்துக்கு வந்தது ஆகாத வகை. மூன்றாம் ஆண்டு வாடைக்காலத்தில், கரைக்கு இரண்டு மைல் தொலைவில், அடியில் மயிரிழைபோல் ஓடிய விரிசல் வாய்விட்டது. அத்தகைய படகில் இருக்கைகளுக்குக் கீழே நுரைப்பொருள் அடைத்திருக்க வேண்டும். நீர் நிரம்பினாலும் படகு மூழ்காமல் மிதக்க அதுவே வழி. அந்தப் படகின் அறைகளில் ஒன்றும் இல்லை. இளைஞனின் தந்தையும் உடன் சென்ற இருவரும் வலை மிதவைகளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கடலில் கிடந்தார்கள். உயிர் பிழைத்தார்கள். தந்தையின் தோள் அன்று கெட்டதுதான். அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. ஆகையால், அன்று மாலை பூண்ட நீலப் படகின்முன் பெரியவர் நின்ற நிலை, பேரனுடைய நிலையைப்போல் இருக்கவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து அமரம் வரை தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகளுக்கு இடையில் காற்று அடைபட்டிருந்தால் ஒலி மந்தமாகும். இரண்டிடங்களில் நின்று மறுபடி தட்டினார். பிறகு படகுக்குள் தலையைக் குனிந்து முகர்ந்தார். பிசின் நன்றாக இறுகாவிட்டால் ஸ்டைரீன் என்னும் பொருளின் நெடி பல நாட்கள் நிற்கும். அந்தப் படகில் நெடி கண்ணைக் கரித்தது. கடைசியாகப் படகின் அடியில் மல்லாந்து படுத்து, ஏராவின்மேல் கையை ஓட்டினார். மணலில் உராய்வது அதுதான். அங்கே கூடுதல் அடுக்குகள் வேண்டும்.

"பெரியவரே, நூறு படகு கொடுத்திருக்கிறோம். ஒன்று திரும்பி வந்ததில்லை" என்றார் பட்டறைக்காரர்.

பெரியவர் எழுந்து, "திரும்பி வராதது பெரிதில்லை, தம்பி. கரைக்குத் திரும்பி வந்ததா என்றுதான் கேட்கிறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இப்படகுகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலில் படகின் வடிவத்தில் ஓர் அச்சு. அதன் உட்புறத்தில் மெழுகு தடவி, நிறம் கலந்த மேற்பூச்சைப் பூசுவார்கள். நாம் வெளியே காணும் பளபளப்பு இதுவே. இதற்கு வலிமை கிடையாது. இதன்மேல் கண்ணாடி இழைகளாலான பாயை விரித்து, வேதிப்பொருள் சேர்த்த பாலியெஸ்டர் பிசினை ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். இப்படிப் பாயும் பிசினும் மாறிமாறி அடுக்கப்படும். வலிமை இழையில் இருக்கிறது. இழைகளைப் பிணைத்து வைப்பது மட்டுமே பிசினின் வேலை. வெட்டிழைப் பாய் ஒரு கிலோவுக்குப் பிசின் இரண்டு முதல் இரண்டரை கிலோ வரை சேர்வது முறை. பிசின் குறைந்தால் இழை நனையாது. மிகுந்தால் படகு கனத்து நொறுங்கும் தன்மை பெறும். விலையைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் கைவைப்பது இழைப்பாயில்தான். சிலர் பிசினில் சுண்ணப் பொடியைக் கலந்து கனத்தைக் காட்டுவதும் உண்டு. வெளிப்பூச்சின் பின்னால் இவை அனைத்தும் மறைந்துவிடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாததைக் காண்பது எப்படி? இந்த இடத்தில்தான் என் வேலை தொடங்கியது. நீர் வடியும் துளைக்காக அடிப்புறத்தில் வட்டமாக அறுத்தெடுத்த துண்டு ஒன்று தரையில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டறைக்காரர் விளையாட்டென்று எண்ணிக் கொடுத்துவிட்டார். பிற்பகலில் மற்றொரு பட்டறைக்குப் போனோம். அது சிறியது, மாலையும் குளிர்பானமும் இல்லை. அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த 28 அடிப் படகொன்று நிறமேற்றாமல் நின்றது. பெரியவர் உள்ளே அமர்ந்து வெயில் விழும் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். மெல்லிய பாலாடைபோல் ஒளி ஊடுருவியது. திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக இருந்தது. மெலிந்த இடம் இருந்தால் அங்கே வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். நிறமேற்றிய படகில் இந்தச் சோதனை செல்லாது. அங்கும் ஒரு துண்டு கேட்டேன். அந்தப் பட்டறைக்காரர், "எரித்துப் பார்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு வியப்பாயிற்று. "பாருங்கள். நானும் ஒவ்வொன்றிலும் பார்ப்பேன்" என்றார்.

பிசின் எரியும், கண்ணாடி எரியாது. சோதனை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அடுத்த நாள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு துண்டுகளிலும் முப்பது முப்பது கிராம் நிறுத்து எடுத்து, புகை நச்சுடையதாகையால் கட்டடத்துக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்து, பீங்கான் மூசையிலிட்டு நெடுநேரம் சூடேற்றினோம். இரண்டாம் பட்டறைத் துண்டில் எஞ்சியது வெண்மையான கண்ணாடி இழை, பத்து கிராம். ஒரு பங்கு இழைக்கு இரண்டு பங்கு பிசின் என்ற கணக்குக்கு இது ஒத்துவந்தது. முதற்பட்டறைத் துண்டிலோ பதின்மூன்று கிராம் எஞ்சிற்று. அதைக் கண்டு இளைஞன் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா, ஐயா! இதுதான் கெட்டி" என்றான். மூசையின் அடியில் மாவுபோல் ஏதோ படிந்திருந்தது. ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. அமிலம் கரைத்தது போக மிஞ்சிய இழையைக் கழுவி உலர்த்தி நிறுத்தபோது ஆறு கிராமுக்கும் குறைவு. சுண்ணத்தைக் காட்டும் சோதனை என்று ஒன்பதாம் வகுப்பில் இவனுக்கே நான் கற்பித்த பாடம் அது. அப்போது அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அன்று மூசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவ்வளவில் நீலப் படகு தொலைந்தது. ஆனால் நீளமும் எஞ்சினும் பற்றிய ஆசை தொலையவில்லை. 32 அடி வேண்டும், பெரிய எஞ்சின் இரண்டு வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். முதலில் போய்ச் சேருகிறவனுக்கே மீன் என்பது அவன் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டேன். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1872இல் டார்க்கி என்னும் ஊரில் நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, சிறு மாதிரிக் கலங்களை இழுத்துப் பார்த்து, படகு தானே எழுப்பும் அலை அதன் வேகத்துக்கு எப்படித் தடையாகிறது என்பதை ஆராய்ந்தவர். நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அது எளிதாக எட்டக்கூடிய வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட். அதற்குமேல் போக விரும்பினால் படகு தன் அலையின்மேல் தானே மலையேற வேண்டும். குதிரைத்திறனை இரட்டித்தாலும் வேகம் சிறிதே கூடும், எரிபொருளோ இரட்டிப்பாகும். நீரின்மேல் எழுந்து வழுக்கியோடும் படகுகளுக்குக் கணக்கு வேறு. வலையும் பனிக்கட்டியும் நாலு ஆளும் ஏறிய படகு அவ்வாறு எழாது.

மற்றொரு கணக்கையும் அவனையே போடச் செய்தேன். நீர்மட்டத்தில் எட்டுச் சதுர மீட்டர் பரப்புள்ள படகு ஒரு சென்டிமீட்டர் அமிழ எவ்வளவு எடை ஏற வேண்டும்? கடல்நீர் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ. 82 கிலோ என்று விடை வந்தது. ஓர் ஆள் எடை, ஒரு சென்டிமீட்டர். எண்ணூறு கிலோ மீன் வந்தால் பக்கப்பலகை பத்துச் சென்டிமீட்டர் தாழும். "அப்படியானால் எஞ்சின் ஒவ்வொன்றும் மீனுக்கான இடத்தைத் தின்கிறது" என்று அவனே சொன்னான். பரீட்சையில் அவன் அப்படி ஒரு விடை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

முடிவில் 28 அடிப் படகு, அமரத்திலிருந்து நீண்ட தண்டோடு கூடிய சிறு டீசல் எஞ்சின் ஒன்று என்று தீர்மானமாயிற்று. இந்த வகை எஞ்சினில் தண்டை ஒரு கையால் அழுத்தினால் சுழல்விசிறி நீரைவிட்டு மேலே வந்துவிடும். அலையில் ஏறி வரும்போது மணலில் இடிக்காது. வேகம் குறைவுதான். பழுதானால் ஊரிலேயே பார்க்க ஆள் உண்டு. ஏராவில் கூடுதலாக அடுக்குகள், இருக்கைகளின் கீழே நுரைப்பொருள், அதை அடைக்குமுன் நேரில் வந்து பார்க்கும் உரிமை ஆகியவற்றைத் தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். நான் உடன் போனதன் பயன் இவ்வளவே. பட்டறைக்காரர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார்.

படகு சிறியதானபோது விலையும் குறைந்தது. பழைய கணக்குத் தாளை மேசைமேல் விரித்து, அவன் மீன் வியாபாரியின் முன்பணத்தை அடித்துவிட்டான். அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. ஆனால் கடன் தீரும்வரை மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும், தரகும் கழியும். கரையில் பல படகுகள் அப்படித்தான் கட்டுண்டு கிடக்கின்றன. வியாபாரிகளை மட்டும் குறை கூறுவதற்கில்லை. வங்கி திறவாத வேளையில் கை கொடுப்பவரும் அவர்களே. ஆயினும் அந்த ஒரு வரியை அடித்தபோது, அருகில் இருந்த அவன் தாயார் தம் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு, "நகை போனாலும் பரவாயில்லை, தம்பி. மீன் நம்முடையதாக இருக்கும்" என்றார்.

ஆவணி மாதத்தில் படகு வந்தது. முதல் நாள் கடலுக்குப் போய்த் திரும்பும் வேளையில் நானும் கரையில் நின்றேன். கொண்டல் சற்றே வீசியது. நுரைப் பட்டைக்கு வெளியே படகு நின்று நின்று பார்த்தது. மூன்று பெரிய அலைகளைப் போகவிட்டது. பிறகு எஞ்சின் உரக்க முழங்க, ஓர் அலையின் முதுகின்மேல் ஏறி வந்து, விசிறியைத் தூக்கிக்கொண்டு, மணலில் நேராக ஏறியது. தந்தை தோள் வலியையும் மறந்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். ஊரார் கூடி இழுத்தார்கள். பெட்டியில் கவளையும் சில சங்கராவும் இருந்தன. பெரிய பாடு என்று சொல்ல முடியாது.

பெரியவர் மீனைப் பார்க்கவில்லை. மெல்லக் குனிந்து படகுக்கடியில் கையை விட்டு, ஏராவை அணியத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார். பேரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எத்தனை பேர் இழுத்தார்கள்?" என்று கேட்டார்.

"ஒன்பது பேர், தாத்தா."

அவர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "சரி, வலையை உலர்த்து" என்றார்.